பாறை ஏறுபவர்கள் சொல்லும் 'பீட்டா', 'ஃப்ளாஷ்' எல்லாம் என்ன?

பெங்களூரு துரஹள்ளியில் 'பீட்டா வேணுமா?' என்று கேட்டார்கள், புரியவில்லை என்கிறீர்கள். கையை எங்கே பிடிப்பது, காலை எங்கே வைப்பது என்று ஏறும் வழியைச் சொல்லித் தருவதுதான் பீட்டா. கேட்காதவருக்கு அதைச் சொல்லவே கூடாது. எதுவும் தெரியாமல் முதல் முயற்சியிலேயே விழாமல் ஏறினால் 'ஆன்சைட்'. பீட்டாவோடு அப்படி ஏறினால் 'ஃப்ளாஷ்'. ஒருமுறை பீட்டாவைத் தெரிந்துகொண்டுவிட்டால் அந்தப் பாதையில் ஆன்சைட் வாய்ப்பு போனது போனதுதான்.

பலமுறை விழுந்து பழகி, அப்புறம் விழாமல் ஏறினால் 'ரெட்பாயிண்ட்'. 1970களில் ஜெர்மனியின் கர்ட் ஆல்பர்ட் தான் ஏறிமுடித்த பாதைகளின் அடியில் வைத்த சிவப்புப் புள்ளியிலிருந்து வந்த பெயர்.

ராமநகரத்தில் கயிறு கட்டி ஏறப் போகிறீர்களா? கீழே கயிறு பிடிப்பவரிடம் நீங்கள் 'டேக்' என்றால் கயிற்றை இறுக்கு, 'ஸ்லாக்' என்றால் தளர்த்து. இந்த இரண்டையும் அவரோடு தரையிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.