1881க்குப் பிறகு காணாமல் போன கொள்ளுத்தாத்தா

உங்கள் கொள்ளுத்தாத்தா 1881 சென்சஸில் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் கூலி வேலை, 1891இல் மனைவி மட்டும் 'விதவை' என்று இருக்கிறார், ஆனால் இடையில் இறப்புப் பதிவே கிடைக்கவில்லை என்கிறீர்கள். முதலில் அந்த 'விதவை'யை நம்பாதீர்கள். கணவன் விட்டுப் போனாலோ ஒர்க்ஹவுஸில் (வக்கற்ற ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய விடுதி) கிடந்தாலோ, அக்கம்பக்கத்துக்குப் பயந்து பல பெண்கள் அப்படித்தான் சொல்லி வைத்தார்கள், நம்மூரில் மட்டும் என்ன வாழ்கிறது! அதனால் 1891, 1901 சென்சஸ் இரண்டிலும் கொள்ளுத்தாத்தாவை உயிரோடு இருப்பவராகவே தேடுங்கள். ஒர்க்ஹவுஸ், மனநோய் விடுதிப் பக்கங்களில் சில சமயம் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும்தான் இருக்கும், எனவே வயதையும் பிறந்த ஊரையும் வைத்துத் தேட வேண்டும்.

அப்புறம், லண்டன் ஒர்க்ஹவுஸ்களின் சேர்க்கை, வெளியேற்றப் பதிவேடுகளைவிட எனக்குப் பிடித்தது மதப் பதிவேடு. 1860களின் கடைசியில் சட்டப்படி வந்தது. உள்ளே வந்தவரின் மதத்தோடு, பல நேரம் நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும் இருக்கும். ஒரே ஆள் வருஷத்தில் நாலைந்து தடவை போய் வந்திருப்பார், சலிக்காமல் புரட்டுங்கள்.

கல்லறை கிடைக்காமலும் போகலாம். 1832 உடற்கூறியல் சட்டப்படி, யாரும் உரிமை கோராத ஏழைகளின் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க முடிந்தது. அப்படியானால் அடக்கம் வாரக்கணக்கில் தள்ளி, வேறு இடத்தில் நடந்திருக்கும். ஆனாலும் இறப்புச் சான்றிதழைப் பக்கத்துப் பதிவு வட்டாரங்களிலும் தேடிப் பாருங்கள், ஒர்க்ஹவுஸில் இறந்திருந்தால் ஒர்க்ஹவுஸ் கட்டடம் எங்கே இருந்ததோ அங்கேதான் பதிவாகியிருக்கும்.