வருகைக் கணக்கு திடீரென நின்றுவிட்டால்

கேள்வி: என் வேர்ட்பிரஸ் தளத்தின் தீம் எனப்படும் தோற்ற வடிவமைப்பை அண்மையில் மாற்றினேன். அன்றிலிருந்து கூகுள் அனலிட்டிக்ஸில் வருகை பூஜ்யம் என்றே காட்டுகிறது. ஆனால், தளத்திலுள்ள படிவம் வழியாக விசாரணைகள் வழக்கம்போல வருகின்றன. வருகையைப் பதிவுசெய்யும் கண்காணிப்பு நிரலை மறுபடியும் சேர்த்தால் போதுமா?

பதில்: விசாரணைகள் குறையவில்லை என்பதால், ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அந்தத் தகவல்தான் அனலிட்டிக்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. தீமின் ஹெடர் கோப்பில் (பக்கங்களின் தலைப்பகுதிக்கான கோப்பு) ஒட்டிய நிரல், தீம் மாறும்போது பழைய தீமோடு போய்விடும். உங்களுக்கும் பெரும்பாலும் இதுவே நேர்ந்திருக்கும். ஆனாலும், சோதித்துப் பார்க்காமல் நிரலை மறுபடி ஒட்ட வேண்டாம். அடுத்த கேள்வியில் வரும் சிக்கல் அப்படித்தான் உண்டாகிறது.

விளம்பரத் தடுப்பான் இல்லாத உலாவியில் தளத்தைத் திறந்து, உலாவியிலேயே உள்ள சோதனைக் கருவியான டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, வடிகட்டும் கட்டத்தில் ‘கலெக்ட்’ (collect) என்ற ஆங்கிலச் சொல்லை இட்டுப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். நிரல் அனலிட்டிக்ஸுக்குத் தகவல் அனுப்பும் கோரிக்கைகள் மட்டும் அப்போது தெரியும். எதுவுமே தென்படவில்லை என்றால், நிரல் அங்கே இல்லை. அல்லது, பக்கங்களின் நகலைச் சேமித்துத் தரும் கூடுதல் மென்பொருளான கேஷ் பிளகின் பழைய பக்கத்தையே தந்துகொண்டிருக்கிறது. அல்லது, குக்கி (உலாவியில் தளம் சேமிக்கும் சிறு அடையாளத் தகவல்) வைக்க ஒப்புதல் கேட்கும் பட்டை நிரலை ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. ஒப்புதல் பட்டையில் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்திய பிறகு கோரிக்கை கிளம்புகிறதா என்று பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கோரிக்கை கிளம்பி, 204 என்ற நிலைக்குறியீடும் வந்தால், தகவல் கூகுளின் சர்வரை எட்டிவிட்டது என்று பொருள். அது உங்கள் கணக்கில்தான் சேர்ந்தது என்பதற்கு இது சான்று ஆகாது. எனவே, கோரிக்கையில் உள்ள அடையாள எண்ணை உங்கள் கணக்கில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அது ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும். ‘யுஏ’ எனத் தொடங்கும் பழைய வகைச் சாதாரணக் கணக்குகள் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதில்லை.

எண் பொருந்தினால் ரியல்டைம் அறிக்கையைத் திறந்து பாருங்கள். கடந்த 30 நிமிடங்களில் நடந்தவை அதில் தெரியும். மற்ற அறிக்கைகள் நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், அவற்றை உடனே பார்த்துவிட்டுப் பதறி அமைப்புகளை மாற்றாதீர்கள்.

கேள்வி: புதிய பிளகின் ஒன்றை நிறுவியதிலிருந்து பக்கப் பார்வைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியுள்ளன. பயனர் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. இது உண்மையான வளர்ச்சியா?

பதில்: இல்லை. ஒரே அடையாள எண் கொண்ட நிரல் இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று பிளகினில், மற்றொன்று தீமிலோ, இத்தகைய நிரல்களை நிர்வகிக்கும் கூகுளின் டேக் மேனேஜரிலோ. இரண்டும் ஒரே குக்கியைப் படிப்பதால், பயனர் ஒருவராகவே எண்ணப்படுகிறார்; பார்வை மட்டும் இருமுறை பதிவாகிறது. மேலே சொன்ன நெட்வொர்க் பகுதியில் இதைக் கண்ணால் காணலாம். ஆனால், ஸ்க்ரோல் போன்ற நிகழ்வுகளும் அங்கே வரும் என்பதால், கோரிக்கைகளை வெறுமனே எண்ணாமல், ‘பேஜ் வியூ’ என்ற நிகழ்வு ஒருமுறை ஏற்றும்போது இருமுறை போகிறதா என்று பாருங்கள். போனால், ஒரு நிரலை நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே பதிவான இரட்டைக் கணக்கைப் பின்னோக்கித் திருத்த வழியில்லை. ஆகவே, பிளகினை நிறுவிய நாளையும் நிரலை நீக்கிய நாளையும் குறித்து வைத்து, இடைப்பட்ட பார்வைகளை மற்ற மாதங்களோடு ஒப்பிடாமல் விடுங்கள்.