ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை வண்டி உங்களுடையதுதான்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 2012-ல் வாங்கிய பி.ஒய்.01 நம்பர் காரை விற்கப் போகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒருவர் விலை பேசி முடித்துவிட்டார். இப்போது 'எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுத்துக் கொடுங்கள் மேடம், அப்புறம்தான் பணம்' என்கிறார். மெல்போர்னில் இருக்கும் என் மகனும், சோதனைச் சான்றிதழ் இல்லாமல் வண்டியைக் கைமாற்றவே கூடாது என்று போனில் பாடம் எடுக்கிறான். இதை எங்கே எடுப்பது?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மகன் அவர் இருக்கும் ஊர் வழக்கத்தைச் சொல்கிறார், அது அங்கே சரிதான். மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பதிவோடு ஒரு காரை இன்னொருவர் பெயருக்கு மாற்ற 'ரோட்வொர்த்தி' சான்றிதழ் கேட்பார்கள், அதுவும் 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நம் நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. எஃப்.சி. என்பது டாக்ஸி, ஆட்டோ, லாரி, பஸ் வகையறாவுக்கு: 8 வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். வெள்ளை போர்டு காருக்கு முதல் 15 வருஷம் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றே போதும், அதற்குப் பிறகுதான் ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் காருக்கு அந்த நாள் 2027-ல் வருகிறது. எஃப்.சி. கேட்பவருக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம், இல்லை 2027 செலவை இப்போதே உங்கள் தலையில் கட்டி விலையில் இன்னும் கொஞ்சம் குறைக்கப் பார்க்கலாம். ஆர்.சி.யைக் காட்டி, அதில் இருக்கும் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் 'சட்டம் கேட்கவில்லை, அப்படியே தள்ளிவிடுவோம்' என்று இருந்துவிடாதீர்கள். வண்டி புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறது. அங்கே டி.என்.31 நம்பர் வாங்கும்போது ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார், சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார், ஆர்.சி.யில் ஏறாத கேஸ் கிட்டோ மாற்றிய கலரோ இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்போது வாங்கியவர் உங்களுக்குத்தான் போன் செய்வார்.

அதனால் இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள், கூலியை வாங்குகிறவரே கொடுக்கட்டும். நம் பக்கத்து வண்டிக்கு இரண்டு வியாதி உண்டு. ஒன்று உப்புக்காற்றுத் துரு. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கீழே ஜாக்கி வைக்கும் இடமும் பிரேக் பைப்பும் உதிர்ந்து போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினாலே சத்தத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் குளமானது, அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரையும் ஒரு கை பார்த்தது. அதில் நனைந்த வண்டிகள் சுத்தமாகத் துடைக்கப்பட்டு இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும், டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் கீழே வண்டல் இருக்கும், சீட் நகரும் தண்டவாளம் துருப்பிடித்திருக்கும். உங்கள் கார் அன்று மேட்டில் நின்றிருந்தால் இதையெல்லாம் நீங்களே திறந்து காட்டுங்கள், பேரம் பாதி அங்கேயே முடிந்துவிடும். நனைந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். எலெக்ட்ரிக்கல் கோளாறு ஆறு மாசம் கழித்துத்தான் தலைகாட்டும், அப்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

பாதுகாப்பு என்று பார்த்தால் பிரேக், டயர், ஏர்பேக் மூன்றையும் விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பிரேக்கை மிதித்தபடி அரை நிமிஷம் வைத்திருங்கள், பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். கார் டயரில் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம், அதைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். ஏர்பேக் உள்ள கார் என்றால் சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையா? பழுதை மறைக்க யாரோ அதைப் பிடுங்கியிருக்கலாம்.

அப்புறம் பேப்பர். இதில்தான் என் கவலையெல்லாம். வாங்குகிறவர் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறார், தமிழ்நாட்டு நம்பர் வாங்கினால் வண்டியின் விலைக்கும் வயதுக்கும் ஏற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும், 'கொஞ்ச நாள் பி.ஒய். நம்பரிலேயே ஓட்டிக்கொள்கிறேனே' என்பார். 12 மாசத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் நம்பர் மாற்றியே ஆக வேண்டும் என்பது சட்டம், ஆனால் சிக்கல் அவருக்கு முன்னால் உங்களுக்கு வரும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது.

வரி, அபராதம், வங்கிக் கடன் எதுவும் நிலுவை இல்லாமல் முடித்து, கடலூர் ஆர்.டி.ஓ.வைக் குறிப்பிட்டு ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குங்கள். வேறு மாநிலத்தில் விற்கும்போது 45 நாளுக்குள் அதை அங்கே சேர்ப்பிப்பது விற்கிறவர் பொறுப்பு. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் தேதி போடாமல் வெறுமனே கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதைவிட, ஒரு பகுதியை அவரிடமிருந்து டெபாசிட்டாக வாங்கி வைத்து, புது ஆர்.சி. நகலைக் காட்டியதும் திருப்பித் தருவது நல்லது. அப்போதுதான் அவருக்கு அவசரம் வரும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் அவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். க்ளெய்ம் கேட்காததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, அதை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

கேள்வி: அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவர் ஸ்கூட்டருக்கு 15 வருஷம் முடிந்துவிட்டது. தம்பி அதைத்தான் ஓட்டுகிறான், விற்கலாமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தம்பியை முதலில் இறங்கச் சொல்லுங்கள். இறந்தவரின் வண்டியை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லிவிட்டு மூன்று மாசம் வரைதான் ஓட்டலாம், அதற்குள் ஃபார்ம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். இப்போது தாமதக் கட்டணத்தோடு மாற்றுங்கள், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் மூன்றும் வேண்டும். 15 வருஷம் முடிந்த பதிவைப் புதுப்பிக்க ஃபார்ம் 25 கொடுத்து வண்டியை நேரில் காட்ட வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், பிரேக், புகைச் சான்று எல்லாம் சரி செய்துகொண்டு போங்கள், ஒரு பல்புக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. இரு சக்கர வாகனத்துக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 1,000 ரூபாய், 20 வருஷம் தாண்டினால் 2,000. வண்டி அந்தச் செலவுக்குத் தகுமா என்று மெக்கானிக்கைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். தேறாது என்றால் பதிவை ரத்து செய்துவிட்டுக் காயலான் கடைக்குப் போடலாம், ரத்து செய்யாமல் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: பழைய கார் கடைக்காரர் 'வண்டியை விட்டுவிட்டுப் போங்க, விற்கும்போது பேர் மாத்திக்கிறேன்' என்கிறார். நம்பலாமா?
- வாசகர், வில்லியனூர்

பதில்: 2023 ஏப்ரலிலிருந்து இதற்கென்று விதி இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், வண்டியை அவரிடம் ஒப்படைப்பதை ஃபார்ம் 29சி மூலம் அரசின் வாகன் இணையதளத்தில் பதிய வேண்டும், அதற்குப் பிறகு வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள், 29சி பதிந்த ரசீதை வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்றால் வண்டியை வீட்டுக்கே திருப்பி ஓட்டி வந்துவிடுங்கள்.