"சரியானப்புறம் வரேன்" என்கிறார் கணவர்

கேள்வி: என் கணவருக்கு 57 வயது. எட்டு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. இப்போது கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். சில சொற்கள் வருகின்றன. மளிகைக் கடை, கோயில் கமிட்டி, காலையில் டீக்கடை என்று எப்போதும் ஆட்களோடு இருந்தவர், இப்போது வாசலுக்குக்கூட வருவதில்லை. யாராவது பார்க்க வந்தால் அழுதுவிடுகிறார். அடுத்த மாதம் என் தம்பி மகள் கல்யாணம். "சரியானப்புறம் வரேன்" என்று சைகை காட்டுகிறார். அப்படியே விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, துறையூர்

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. முழுக்கக் குணமான பிறகுதான் வெளியே போவது என்று இருந்தால், குணமாவதே தள்ளிப்போகும். ஸ்ட்ரோக்குக்குப் பின் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையுமே தவிர, நின்றுவிடாது. ஆனால் கட்டிலுக்கும் கழிவறைக்கும் மட்டும் நடக்கிற கால், அந்தத் தூரத்துக்குத்தான் பழகும். பேச ஆளில்லாத வீட்டில் பேச்சும் வளராது.

முதலில் அந்த அழுகையைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கம், பசி குறைந்திருக்கிறதா, பிடித்த விஷயத்தில்கூட நாட்டமில்லையா என்று பாருங்கள். சிலருக்கு மனதில் பெரிய துக்கம் இல்லாமலே அழுகை பொத்துக்கொண்டு வரும். உணர்ச்சியை அடக்கும் மூளைப் பாதை பாதிக்கப்பட்டதால் வருவது அது. இரண்டுக்கும் மருந்து உண்டு. அவருக்குப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பிசியோ, பிரஷர் என்று பேசிவிட்டு இதைச் சொல்லாமலே வந்துவிடுகிற குடும்பங்கள்தான் அதிகம்.

அடுத்தது பேச்சு. பெரும்பாலோருக்குப் பேச்சு மையம் மூளையின் இடது பக்கம் இருக்கிறது. வலது கை, காலை இயக்குவதும் அதே பக்கம்தான். அதனால் இரண்டும் சேர்ந்து போயிருக்கிறது. சொல் வரவில்லை என்பதால் அறிவு போய்விட்டது என்று அர்த்தமில்லை; பிறர் சொல்வதில் பெரும்பகுதி அவருக்குப் புரியக்கூடும். பார்க்க வருகிறவர்கள் "நான் யாருன்னு தெரியுதா? பேரு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஊர்க் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்த மனிதரை அது கூனிக் குறுக வைத்துவிடும். அவரை வைத்துக்கொண்டே "இவருக்கு எப்படி இருக்கு?" என்று உங்களிடம் கேட்பதும் அப்படித்தான். வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: அவர் முகத்தைப் பார்த்துப் பேசட்டும், "டீயா, காபியா?" என்பது போலச் சின்னதாகக் கேட்கட்டும், கேட்டபின் காத்திருக்கட்டும். சொல் வர நேரமாகும். இடையில் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

நேரே கல்யாணத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். அவருக்கு நெருக்கமான நண்பர் ஒருவரிடம் சொல்லி, கூட்டமில்லாத நேரத்தில் அந்தப் பழைய டீக்கடைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். மறுபடியும் அதே கடை, அதே நண்பர். பழகியதும் கோயில். அங்கே ஒரு விஷயம்: உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வெயிலில் காய்ந்த கல்தரையின் சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். காலையிலேயே போய் வந்துவிடுங்கள். கமிட்டிக் கணக்கு நோட்டை யாராவது அவர் முன் விரித்து வைத்தால் இன்னும் நல்லது. பெயருக்கு ஒரு வேலையாக இல்லாமல், அவருடைய வேலையாகவே அது இருக்கட்டும்.

கல்யாணத்தில் அவர் மிகவும் அஞ்சுவது பந்தியாக இருக்கலாம். நாலு பேர் முன் இடது கையால் சாப்பிட வேண்டுமே என்ற கூச்சத்திலேயே விசேஷங்களைத் தவிர்ப்பவர்கள் உண்டு. ஸ்பூனை வீட்டிலேயே பழக்குங்கள். பந்தியில் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர், ரசம் குடிக்கும்போது இருமுகிறார் என்றால், கல்யாணத்துக்கு முன்பே விழுங்கும் திறனைப் பரிசோதித்துவிட வேண்டும். புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும்.

கைத்தடி இடது கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். தூக்கிவிடுகிறேன் என்று யாரும் வலது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்பட்டை மூட்டு நழுவிவிடும். செருப்புக்குப் பின்பட்டை அவசியம். மண்டபத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று உங்கள் தம்பியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக்குக்குப் பின் வரும் அசதி கடுமையானது, அதனால் முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு நல்ல தூக்கம் வேண்டும். வரவேற்பு, முகூர்த்தம் இரண்டுக்கும் அலைய வேண்டாம், ஒன்று போதும்.

வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவது 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும்.

விசேஷ நாளிலும் பிரஷர் மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையும் தவறக் கூடாது. முகம் கோணினாலோ, கை திடீரென்று தொய்ந்தாலோ, இருக்கிற பேச்சும் குழறினாலோ மண்டபமானாலும் உடனே 108-ஐ அழையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.