'புட் ஆஃப்' என்றால் ரத்து இல்லை

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசு வியாபாரம்): லண்டன் வாடிக்கையாளர் 'வீ ஹேவ் புட் ஆஃப் தி ஆர்டர்' என்று எழுதியிருக்கிறார். ஆர்டர் போச்சா?

பதில்: போகவில்லை. தள்ளிப்போட்டிருக்கிறார். ஆர்டர் ரத்தென்றால் 'கேன்சல்ட்' என்றிருப்பார். கூட்டமோ விழாவோ ரத்தானால் 'கால்டு ஆஃப்'. எந்தத் தேதிக்குத் தள்ளினார் என்று இன்றே கேளுங்கள்.

'தள்ளிப்போடு' என்கிறோமே, அங்கே எதைத் தள்ளி எங்கே போடுகிறோம்? இரண்டு வினை சேர்ந்து புதிதாக ஒரு பொருள். 'விட்டுக்கொடு'வும் அப்படித்தான். 'புட் ஆஃப்' இதே ஜாதி, பிரித்துப் பொருள் தேடாதீர்கள்.

'புட் தி ட்ரிப் ஆஃப்', 'புட் ஆஃப் தி ட்ரிப்' இரண்டும் சரி. 'இட்' வந்தால் நடுவில் மட்டுமே: 'புட் இட் ஆஃப்'. பின்னால் வினை வந்தால் 'புட் ஆஃப் கோயிங்'. 'புட் ஆஃப் டு கோ' தப்பு.

கேள்வி (ஏற்காடு, தங்கும் விடுதி): 'தி பெண்ட்ஸ் புட் மீ ஆஃப்' என்று ஒரு விருந்தினர் எழுதிவிட்டார். வளைவு எப்படித் தள்ளிப்போடும்?

பதில்: ஆளை 'புட் ஆஃப்' செய்தால், ஆசை விட்டுப்போகச் செய்வது. சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவும் அவருக்கு வெறுத்துவிட்டது. குப்பனூர் வழியும் உண்டு என்று பதில் போடுங்கள்.

கேள்வி (ஆத்தூர்): விளக்கை 'புட் ஆஃப்' செய்யலாமா?

பதில்: பிரிட்டிஷ் வழக்கில் உண்டு. 'ஸ்விட்ச் ஆஃப்' போதும். 'ஆஃப் தி லைட்' வேண்டவே வேண்டாம்.

கேள்வி (அஸ்தம்பட்டி): புட் ஆஃப், கால் ஆஃப் வித்தியாசம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (சூரமங்கலம், கல்லூரி மாணவி): முன்கூட்டி வைப்பதற்கு 'ப்ரீபோன்' என்று எழுதினேன். அப்படிச் சொல்லே இல்லை என்று அடித்துவிட்டார்கள்.

பதில்: இருக்கிறது, அம்மா. லத்தீனில் 'போஸ்ட்' பின், 'ப்ரை' (ஆங்கிலத்தில் 'ப்ரீ') முன், 'போனெரே' வைப்பது. 'போஸ்ட்போன்' பிறந்த அதே வழியில் அமைந்து, நம் நாட்டில் வழங்கும் சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இந்திய ஆங்கிலம் என்று குறித்தே சேர்த்திருக்கிறது.

கேள்வி (அம்மாபேட்டை): அகராதியில் இருந்தால் ஆச்சா? வெள்ளைக்காரருக்குப் புரியாதே, ஐயா.

பதில்: புரியாமல் போகலாம்தான். அவருக்கு 'பிரிங் ஃபார்வர்ட்' என்று எழுதுங்கள். சென்னை அலுவலகத்துக்கு 'ப்ரீபோன்' தாராளமாக எழுதலாம். இங்கே நாலு பேர் பேசிப் புரிந்துகொள்ளும் சொல்லைத் தப்பென்று பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி (ஓமலூர்): புட் ஆஃப் என்றால் கேன்சல்தானே?

பதில்: இல்லை. தேதி கேளுங்கள்.