லேப்டாப்பை மாற்றுவதா, விண்டோஸை மாற்றுவதா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் காலாப்பட்டு பக்கம் கல்லூரிக்குப் போய்வரும் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணன் 2017-ல் வாங்கின லேப்டாப்தான் என்னிடம் இருக்கிறது. ஐ5 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணிவிட்டுப் போய்க் குளித்துவிட்டே வரலாம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. கிளாஸில் ரெண்டு பேர் மேக்புக் வாங்கு என்கிறார்கள், சீனியர் லினக்ஸ் போட்டால் இதுவே பறக்கும் என்கிறார். அப்பா எழுபதாயிரம் வரை பார்க்கலாம் என்றார், ஆனால் அது கடன்தான். என்ன செய்யலாம்?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். மெஷின் மெதுவாக இருப்பது ஒன்று, எந்த ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி மெஷினை இயக்கும் மென்பொருள்) என்பது இன்னொன்று. முதலாவதற்குக் காரணம் விண்டோஸ் இல்லை, அந்த ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும்தான். விண்டோஸ் 10 ஓடிக்கொண்டே இருக்கும்போது பின்னணியில் அப்டேட், வைரஸ் ஸ்கேன், தேடல் பட்டியல் என்று எல்லாம் டிஸ்க்கைப் பிடித்து இழுக்கும், ரேம் போதாமல் மிச்சத்தையும் டிஸ்க்கிலேயே எழுதிப் படிக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். லினக்ஸ் போட்டாலும் அதே சுழல் டிஸ்க்தான், கொஞ்சம் தேவலை என்பதைத் தாண்டி பறக்கவெல்லாம் செய்யாது. சீனியர் சொன்னதில் பாதிதான் சரி.

ஆக முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான டிஸ்க்) ஒன்று, அதே இடத்தில் பொருந்தும் 2.5 இஞ்ச் சாட்டா வகை. 256 வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். ரேமை 12 அல்லது 16 ஜிபி ஆக்குங்கள். டாஸ்க் மேனேஜரிலேயே மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும், ஒன்று காலியாக இருந்தால் 8 ஜிபி டிடிஆர்4 போதும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிக்கிடக்கிறது, பழைய ரேம் கிடைத்தால் வாங்கலாம், ரேம் அவ்வளவு சீக்கிரம் கெடுகிற பொருள் இல்லை. எஸ்எஸ்டியை மட்டும் பழசு வாங்காதீர்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப் டிஸ்க் ஆச்சு. கையோடு ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள், கடலோர ஊரில் இத்தனை வருஷம் ஓடின மெஷினைத் திறந்தால் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து என்ன செய்திருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இனி ஓஎஸ். இதை நண்பர்களிடம் கேட்காதீர்கள், அடுத்த நாலு செமஸ்டர் லேப் மேனுவலைப் புரட்டுங்கள், அதுதான் முடிவு செய்யும். ஈசிஇ-க்கு வருகிற கைல் மைக்ரோவிஷன் (மைக்ரோகண்ட்ரோலருக்கு புரோகிராம் எழுத), புரோட்டியஸ் (சர்க்யூட்டைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்க) இரண்டும் விண்டோஸ் மட்டும். டிஜிட்டல் சர்க்யூட் வடிவமைக்கும் விவாடோ விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், மேக்கில் கிடையாது. மேட்லேப், கைகேட், ஆர்டுயினோ எல்லாம் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். சர்க்யூட் சிமுலேட்டரான எல்டிஸ்பைஸ் மேக்கில் உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருக்கிற வசதி அத்தனையும் அதில் இல்லை.

மேக்புக்கில் விண்டோஸைப் போட்டுக்கொள்ளலாமே என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். இன்டெல் சிப் இருந்த காலத்தில் சரி. 2020 நவம்பரில் எம்1 வந்த பிறகு ஆப்பிள் சிப் உள்ள எந்த மேக்கிலும் பூட் கேம்ப் (விண்டோஸை நேரடியாக ஏற்றும் வசதி) இல்லை, விர்ச்சுவல் மெஷினுக்குள் (மேக்குக்குள் ஓடும் பாவனைக் கணினி) ஆர்ம் வகை விண்டோஸ்தான், அதாவது ஆப்பிள் சிப் போன்ற ஆர்ம் சிப்புக்கான பதிப்புதான் ஓட்ட முடியும். அதில் சாதாரண சாஃப்ட்வேர் நிறைய ஓடிவிடும், ஆனால் போர்டை யூஎஸ்பியில் செருகி புரோகிராம் ஏற்ற வேண்டுமே, அதற்கான டிரைவர் ஆர்முக்கென்று தனியாக எழுதப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும், பழைய டிரைவர் ஏறாது. ஈசிஇ மாணவருக்கு அங்கேதான் இடிக்கும். கடையில் ஸ்னாப்டிராகன் (இதுவும் ஆர்ம் சிப்தான்) லேப்டாப்பைக் காட்டினாலும் இதே சிக்கல், பேட்டரி நிற்கிறதே என்று மயங்கிவிடாதீர்கள்.

மேக்புக் மோசம் என்று சொல்லவில்லை. காலையில் கடலூரில் பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் மாறி, சாயங்காலம் திரும்பும்வரை சார்ஜரைத் தொடாமல் இருக்கலாம் என்பது சின்ன விஷயமில்லை. ஐபோன் ஆப் எழுதப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்கோட் மேக்கில்தான் உண்டு, வேறு வழியே இல்லை. உங்கள் பாடத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதிலும் கடன் வாங்கி என்றால் பேச்சே இல்லை.

லினக்ஸ் விஷயத்தில் சீனியர் பக்கம் நிற்கிறேன், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. விஎல்எஸ்ஐ, அதாவது சிப் வடிவமைப்புப் பக்கம் போக நினைத்தால் அந்தக் கம்பெனிகளில் கேடன்ஸ், சினாப்சிஸ் கருவிகள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. டெர்மினல் கட்டளைகள், ஷெல், டிசிஎல் ஸ்கிரிப்ட்கள் எல்லாம் இப்போதே கைக்குப் பழகிவிட்டால் பின்னால் பிராஜெக்ட் நேரத்தில் அல்லாட வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸை அழித்துவிட்டு முழுக்க மாறாதீர்கள். கைல் வேண்டும். அப்புறம் கேம்பஸ் தேர்வு சமயத்தில் சில ஆன்லைன் டெஸ்ட்கள் கேட்கிற, வேறு எதையும் திறக்கவிடாமல் லாக் பண்ணும் பிரவுசர் லினக்ஸில் வராது, உதாரணத்துக்கு சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸ், மேக், ஐஓஎஸ்ஸுக்குத்தான் இருக்கிறது. டெஸ்ட் தொடங்க பத்து நிமிஷம் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது நரகம்.

அதனால் இரண்டும் இருக்கட்டும். புது எஸ்எஸ்டியில் முதலில் விண்டோஸ், அதன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே ஒரு 150 ஜிபி இடத்தைக் காலியாக விட்டு அதில் லினக்ஸ் மின்ட் 22 (லினக்ஸில் ஒரு வகை). வரிசையை மாற்றினால் விண்டோஸ் தன் பூட் லோடரை (ஆன் செய்ததும் ஓஎஸ்ஸைத் தொடங்கிவைப்பது) முன்னால் நிறுத்திக்கொள்ளும், லினக்ஸைக் காணோம் என்று தேடுவீர்கள். விவாடோ ஒன்றே பல பத்து ஜிபியை விழுங்கும், அதனால்தான் 512 கேட்டேன். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் வரும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது பாதித் தூக்கத்தில் இருக்கும்போது லினக்ஸிலிருந்து விண்டோஸ் இருக்கும் டிஸ்க் பகுதியில் எழுத முடியாது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீயை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து மின்ட் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள், நீங்களாக இன்ஸ்டால் கொடுக்காதவரை டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, சவுண்ட், கேமரா வருகிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் எழுகிறதா என்று பாருங்கள். தமிழ்99 கீபோர்டு அமைப்பும் அதிலேயே வரும். எங்காவது மாட்டிக்கொண்டால் புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம், பக்கத்தில் விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்று கட்டற்ற மென்பொருள்காரர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள்.

விண்டோஸ் 11 ஏறாததற்குக் காரணம் வேகமில்லை, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை (ஓரிரு விதிவிலக்கு தவிர) மைக்ரோசாஃப்ட் பட்டியலில் சேர்க்கவில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவச அப்டேட் முடிந்தது, பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை என்று நீட்டித்தார்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்குக் காசும் இல்லை. அதற்குப் பிறகு பேங்க், மெயில், வெப் எல்லாம் லினக்ஸில், விண்டோஸைத் திறப்பது கைலுக்கும் டெஸ்ட்டுக்கும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதியைச் சுற்றிவந்து 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பவர்களிடம் வேண்டாம், அப்டேட் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

இறுதியாண்டு பிராஜெக்ட்டில் விவாடோ சிந்தசிஸ் (எழுதியதை சர்க்யூட்டாக மாற்றும் கட்டம்) நிஜமாகவே இந்த இரண்டு கோர் சிப்பைத் திணறடித்தால் அப்போது வாங்குங்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி, 16 ஜிபி ரேம், இன்னொரு ரேம் ஸ்லாட் காலியாக. ஆன்சைட் வாரண்டி (வீட்டுக்கே வந்து சரிசெய்வது) கடலூர் பின்கோடுக்கு உண்டா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள், இல்லையென்றால் ஒரு கீபோர்டு போனாலும் சென்னைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டி வரலாம்.