பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

மனநல ஆலோசனைக்குப் போவது பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகள் இந்த முறை. பாதிப் பேர் பணம் கட்டிய பிறகு எழுதியிருக்கிறார்கள். முதல் சிட்டிங்குக்கு முன்பே ஒரு போனில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயங்கள்தான் பெரும்பாலும்.

கேள்வி: ஆறு மாதமாகப் பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். "மனசு சம்பந்தப்பட்டது, கவுன்சலிங் போங்க" என்கிறார் டாக்டர். எங்கள் தெருமுனையில் ஒரு போர்டில் "டாக்டர், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர், ஹிப்னோதெரபிஸ்ட்" என்று போட்டிருக்கிறது. இவரிடமே போகலாமா? – மஞ்சக்குப்பம், கடலூர்

அந்த நான்கு சொல்லையும் வைத்துக்கொண்டு அவர் என்ன படித்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது. "டாக்டர்" என்பது எம்.பி.பி.எஸ். ஆகவும் இருக்கலாம், பிஎச்.டி. ஆகவும் இருக்கலாம், அந்தப் பிஎச்.டி. எந்தத் துறையில் என்பது வேறு கேள்வி. "கவுன்சலர்" என்று சில மாத டிப்ளமோ முடித்தவரும் போட்டுக்கொள்கிறார், இருபது வருஷம் அனுபவம் உள்ளவரும் போட்டுக்கொள்கிறார்.

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். நோயைக் கண்டறிவார், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருத்துவர் அல்லர். மனநல மருத்துவமனைச் சூழலில் நோயாளிகளோடு மேற்பார்வையில் பயிற்சி பெற்று, பெரும்பாலும் இரண்டு வருஷ எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சையான தெரபி இவருடைய வேலை. மாத்திரை எழுத இவருக்கு உரிமை இல்லை. எம்.ஏ., எம்.எஸ்சி. சைக்காலஜி மட்டும் படித்தவர் நல்ல ஆலோசகராக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டத்தால் மட்டும் அவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டார்.

பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டால் விவரம் வரும். இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஆர்.சி.ஐ. சிறப்பாசிரியர்களையும் பேச்சுப் பயிற்சியாளர்களையும்கூடப் பதிவு செய்கிறது. ஆகவே எண் இருந்தால் மட்டும் போதாது, எந்தப் படிப்புக்காகப் பதிவு என்று பார்க்க வேண்டும். மருத்துவராக இருந்தால் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் தேடலாம்.

கடிதத்தை வைத்து உங்கள் தொல்லைக்கு நாங்கள் பெயர் சூட்ட மாட்டோம். ஆனால் உடம்புச் சோதனை எல்லாம் முடிந்துவிட்ட நிலையில், முதல் பார்வை ஒரு சைக்கியாட்ரிஸ்டிடமோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடமோ இருப்பது நல்லது. தைராய்டு (டி.எஸ்.எச்.) பார்க்கவில்லையென்றால் அதையும் பார்த்துவிடுங்கள், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். போர்டுக்காரரிடம் போகக் கூடாது என்று இல்லை. படிப்பைக் கேட்டதும் முகம் சுளித்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு சிட்டிங் 2,200 ரூபாய், பத்து சிட்டிங் பேக்கேஜாக எடுத்தால் 18,000. "இன்னைக்கே கட்டினாதான் இந்த ரேட்" என்கிறார்கள். 4,000 ரூபாய் மிச்சம் ஆகிறதே? – லாஸ்பேட்டை, புதுச்சேரி

மிச்சம் ஆகாது. பத்தையும் முடித்தால்தான் அந்த நாலாயிரம். எட்டு சிட்டிங் வரை தனித்தனியாகக் கட்டினாலும் 17,600 தான் வரும். ஒன்பதாவதிலிருந்துதான் பேக்கேஜ் உங்களுக்கு லாபம். மூன்றாவது சிட்டிங்கில் "இவர் எனக்குச் சரிவரவில்லை" என்று தோன்றி நிறுத்தினால், தனித்தனியாகக் கட்டியிருந்தால் செலவு 6,600. பேக்கேஜில் 18,000 போயிருக்கும். திரும்பத் தராவிட்டால் 11,400 நஷ்டம்.

தெரபியில் இது அரிதாக நடப்பதும் அல்ல. முன்பின் தெரியாத ஒருவரிடம் மனசைத் திறக்க முடிகிறதா என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒத்துப்போகாவிட்டால் ஆளை மாற்றுவது அவமரியாதை இல்லை, அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே அது தெரியும். மொத்தமாகக் கட்டிவிட்டால் பணம் போகுமே என்று பிடிக்காத நாற்காலியில் பத்து வாரம் உட்கார்ந்திருப்பீர்கள்.

இன்னொன்று. உங்களைப் பார்த்துப் பேசி முடிக்கும் முன்பே பத்து என்று எப்படித் தெரிந்தது? பயம், படபடப்பு, மிதமான மனச்சோர்வு போன்றவற்றுக்குச் சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் தெரபி) என்ற முறையில் வாரம் ஒன்றாக எட்டு முதல் இருபது சிட்டிங் வரை போவது வழக்கம். சிலருக்கு ஆறில் முடியும், பழைய காயங்கள் உள்ளவர்களுக்கு வருஷக்கணக்கிலும் போகும். முதல் இரண்டு சிட்டிங்கில் விசாரித்துவிட்டு, "உத்தேசமாக இத்தனை, நடுவில் உட்கார்ந்து பார்ப்போம்" என்று சொல்பவர் ஒழுங்காக வேலை செய்கிறார். "நூறு சதவீதம் குணம், கியாரண்டி" என்றால் அது விளம்பரம்.

பணம் கட்டும் முன் இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்:

"வணக்கம். வருவதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். தெரபி பார்ப்பவரின் படிப்பு, பதிவு எண் என்ன? ஒரு சிட்டிங் எத்தனை நிமிடம், கட்டணம் எவ்வளவு? வர முடியாமல் போனால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எவ்வளவு பிடிப்பீர்கள்? பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா? ரசீது உண்டா?"

பதில் எழுத்தில் வரட்டும். "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று வந்தால் இன்னொரு முறை கேளுங்கள். ஒரு சிட்டிங் பொதுவாக 45 முதல் 50 நிமிடம். நீங்கள் இருபது நிமிடம் தாமதமாகப் போனால் மீதி அரை மணிதான் கிடைக்கும். அடுத்தவர் வெளியே காத்திருப்பார். வராத நாளுக்குக் கட்டணம் பிடிப்பதும் இந்தத் தொழிலில் நடைமுறைதான், 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் விட்டுவிடுவார்கள். அதை முன்கூட்டியே சொன்னார்களா என்பதுதான் விஷயம்.

கேள்வி: முதல் நாள் என்ன கேட்பார்கள்? என்ன எடுத்துப் போக வேண்டும்? – பண்ருட்டி

முதல் நாள் பெரும்பாலும் விசாரணைதான்: எப்போதிலிருந்து, தூக்கம், பசி, வேலை, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, குடி உண்டா, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் திடுக்கிட வேண்டாம், எல்லோரிடமும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையே எடுத்துப் போங்கள். சித்தா, ஹோமியோ மருந்தும் சேர்த்து. ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர் "தெரபி ஆரம்பிச்சாச்சு" என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று வேறு தொல்லை கிளம்பும்.

முதல் இரண்டு சிட்டிங் முடிந்து வீட்டுக்கு வரும்போது மனசு முன்னைவிடக் கனமாக இருக்கலாம். மூடி வைத்ததைத் திறந்திருக்கிறீர்கள். அன்று சாயங்காலம் கல்யாண வரவேற்பு, ஆபீஸ் மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான்கு சிட்டிங் ஆயிற்று. போகிறேன், அழுகிறேன், "எல்லாம் சரியாகும்" என்கிறார், வருகிறேன். பலன் உண்டா என்று எதை வைத்துப் பார்ப்பது? – நெய்வேலி

மனசைக் கொட்டிவிட்டு வருவதிலும் ஆறுதல் உண்டு. அதை ஒரு நல்ல அத்தையும் இலவசமாகத் தருவார். நீங்கள் காசு கொடுப்பது அதற்கு மேல் ஒன்றுக்கு.

என்ன பிரச்சினை என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார், அது எதனால் தொடர்கிறது, அதை மாற்ற எந்த முறையில் என்ன செய்யப்போகிறார் என்ற மூன்றுக்கும் நான்காவது சிட்டிங்குக்குள் உங்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லையென்றால் அடுத்த முறை முதல் ஐந்து நிமிடத்திலேயே கேளுங்கள்.

முறை என்றால் எப்படி இருக்கும்? முதலில் எழுதிய மஞ்சக்குப்பம் வாசகரின் பஸ் பயத்தையே எடுத்துக்கொள்வோம். பயத்துக்கான சி.பி.டி.யில் ஒரு படிக்கட்டு போடுவார்கள். திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் நிற்கும் பஸ்ஸில் ஏறிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பது முதல் படி. அடுத்தது மஞ்சக்குப்பம் வரை. பிறகு ரெட்டிச்சாவடி வரை. கடைசியில் புதுச்சேரி வரை, கூட்ட நேரத்தில், தனியாக. ஒவ்வொரு படியிலும் படபடப்பு ஏறும். இறங்கி ஓடாமல் உட்கார்ந்திருந்தால் அது தானாகத் தணியும். அந்தத் தணிவை உடம்பு கற்றுக்கொள்வதுதான் சிகிச்சை. பாதியில் இறங்கிவிட்டால் "இறங்கினதால்தான் பிழைச்சேன்" என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும், பயம் இன்னும் தடிக்கும். அதனால்தான் முதல் படியைச் சின்னதாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பயத்துக்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு மார்க் போட்டு நோட்டில் குறிக்கச் சொல்வார்கள். சிட்டிங் வாரத்தில் ஒரு மணி நேரம்தான். வீட்டுப்பாடம் செய்யாதவருக்குச் சி.பி.டி. பலன் தருவது கஷ்டம்.

எல்லாத் தெரபியும் இப்படி நோட்டும் படிக்கட்டுமாக இருக்காது. துக்கத்துக்கும் தாம்பத்தியச் சிக்கலுக்கும் வேறு வழிகள் உண்டு. ஆனால் அளந்து பார்ப்பது எதிலும் முடியும். மனச்சோர்வுக்குப் பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்விப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 27 மார்க், பத்தும் அதற்கு மேலும் வந்தால் குறைந்தது மிதமான சோர்வு என்று பொருள். ஆரம்பத்திலும் நான்கைந்து வாரம் கழித்தும் போட்டுப் பார்த்தால், ஐந்து மார்க்காவது குறைந்திருந்தால் நகர்வு இருக்கிறது. ஆறேழு சிட்டிங் ஆகியும் அசையவில்லையென்றால் முறையை மாற்றவோ, மாத்திரை தேவையா என்று சைக்கியாட்ரிஸ்டிடம் கேட்கவோ, வேறு ஒருவருக்கு அனுப்பவோ அவரே சொல்ல வேண்டும்.

உங்கள் தெரபிஸ்ட் அரசியல், ஜாதகம், தன் குடும்பக் கஷ்டம் என்று பேசுகிறாரா? உங்களைத் தொட்டுப் பேசுகிறாரா, கடன் கேட்கிறாரா, வெளியே சந்திக்கக் கூப்பிடுகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த சிட்டிங் வேண்டாம்.

கேள்வி: ஊர் சின்னது. நான் சொன்னதை என் அம்மாவிடம் சொல்லிவிடுவாரா? – அரியாங்குப்பம்

நீங்கள் பதினெட்டு வயது தாண்டியவராக இருந்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது, ஃபீஸ் கட்டுவது அம்மாவே ஆனாலும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இந்த ரகசியத்தை உரிமையாகத் தருகிறது. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்றால், கோர்ட் உத்தரவிட்டால், சிகிச்சை தரும் மற்ற மருத்துவரிடம் தேவையான அளவுக்கு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி அவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இவற்றை முதல் நாளே அவர் சொல்ல வேண்டும். பதினெட்டுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. எதைச் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்று மூவரும் உட்கார்ந்து முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சட்டத்தைவிடச் சுவர்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் உள்ளே பேசுவது கேட்கிறதா என்று பாருங்கள். முன்னவர் பேசுவது உங்களுக்குக் கேட்டால், நீங்கள் பேசுவது அடுத்தவருக்குக் கேட்கும்.

கேள்வி: இவ்வளவு செலவு தாங்காது. இன்ஷூரன்ஸில் வருமா? – நெல்லிக்குப்பம்

மனநோயை உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு செய்ய வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் தரும், தெரபி ஓ.பி. கணக்கில் வருவதால், ஓ.பி. பலன் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய வராது.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே சீட்டுப் போட வேண்டும், தனியாரில் கிடைக்கும் ஐம்பது நிமிடம் ஒவ்வொரு முறையும் கிடைக்காது. நோயைக் கண்டறிய அங்கே போய்விட்டு, தெரபிக்கு மட்டும் வெளியே செலவு செய்பவர்களும் உண்டு, அது புத்திசாலித்தனம். நடுராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: பேக்கேஜ் கட்டி இரண்டு சிட்டிங்கோடு நின்றுவிட்டேன். புதுச்சேரியில் உள்ள அந்த மையம் மீதியைத் தர மறுக்கிறது, ரசீதும் தரவில்லை. – செம்மண்டலம், கடலூர்

சேவைக்கு ரசீது தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. நம்பிச் சொன்ன சொந்த விவரத்தை வெளியே சொல்வதும் அதே பட்டியலில் இருக்கிறது, நினைவில் வையுங்கள். நீங்களாக நின்றீர்களா, சொன்ன சேவையை அவர்கள் தரவில்லையா என்பதைப் பொறுத்துத்தான் மீதிப் பணம். "தெரபிஸ்ட் மாறிவிட்டார்", "ஐம்பது நிமிடம் சொல்லி இருபத்தைந்தில் அனுப்பினார்" என்பவை சேவைக் குறைபாடு.

முதலில் எழுத்தில் கேளுங்கள். ஜிபே பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பர நோட்டீஸ் ஆகியவற்றின் படத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையம் புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

எதற்காகத் தெரபிக்குப் போனீர்கள் என்பதைப் புகாரில் எழுத வேண்டியதில்லை. தேதி, தொகை, சொன்னது என்ன, கிடைத்தது என்ன, இவ்வளவு போதும்.